எண் 1173

மார்பளவு உயரத்தில் டேப்பைச் சுற்று என்கிறது படிவம்.
யாருடைய மார்பு என்று சொல்லவில்லை.
தஸ்தகீர் நெட்டை. நான் குட்டை.
நாலரை அடிக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொண்டோம்.
அதுவும் ஒரு மரத்தின் குச்சிதான்.

காட்பாடியில் தொடங்கினோம், சித்திரையில்.
பாலாற்றுப் பாலம் முழுக்கப் படிவம் காலி.
மலையிருந்தும் மரமில்லாத ஊர் என்று கேலி பேசுவார்கள்.
மலையை எண்ணச் சொல்லவில்லை எங்களை.
டிரான்ஸ்பார்மருக்கும் சாக்கடைக்கும் நடுவே
எப்படியோ நின்றுவிட்டவற்றை மட்டும்.

ஒரு புங்கனில் இருபத்திரண்டு ஆணி:
டியூஷன், மூலம் பௌத்திரம், வாடகைக்கு ரூம்.
தஸ்தகீர் பிடுங்கி டிபன்பாக்ஸில் போடுவான்,
சாயங்காலம் இரும்புக் கடையில் எடைக்குப் போடுவான்.
முதல் நாள் திட்டினேன்.
இப்போது டீ அவன் செலவு.

ஆஸ்பத்திரி மதிலுக்கு எதிரே
ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று. தூங்குமூஞ்சி.
சுற்றளவு பதினொரு அடி.
டேப் எட்டாமல் துப்பட்டாவை முடிச்சுப் போட்டேன்.
நிழலில் பாதி வங்காளம் படுத்திருந்தது.
வேரிடுக்கில் செருகிய எக்ஸ்ரே உறைகள்,
தாழ்ந்த கிளையில் காயும் சிவப்புக் கட்டத் துண்டு.

எண் தகட்டை ஆணியில் அடிக்கச் சொல்லித்தான் உத்தரவு.
பிடுங்கின கை அடிக்க மறுத்தது. சணலில் கட்டினேன்.
டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள்
தன் எண்ணையும் மரத்தின் எண்ணையும் பார்த்து
ஏதோ கேட்டாள். பாஷை தெரியவில்லை.
இதுக்கு எந்த டாக்டர் என்று கேட்டதாக
வைத்துக்கொண்டேன்.

ஏ.இ. காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்:
"அந்தப் பக்கமாத்தான் மழைநீர்க் கால்வாய் வருது.
நிலைமைங்கிற கட்டத்துல அபாயம்னு போட்டுடும்மா.
மத்தத நாங்க பாத்துக்கறோம்."

கட்டைச் சுத்தியலால் தட்டினேன்.
கிழக்கே கெட்டி. வடக்கே கெட்டி.
மேற்கே
ஆளில்லாத வீட்டுக் கதவு.
இன்னொரு முறை தட்டினேன். மாறவில்லை.
பொய் எழுதச் சொன்னவர்
கால்வாசி உண்மை சொல்லியிருக்கிறார்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடிமரத்தைச் சுற்றி சிமென்ட், சின்ன சைஸ் சட்டைக் காலர் போல.
பட்டை அதன்மேல் பிதுங்கி வழிந்து இறுகியிருந்தது.

மரத்துக்காகப் பொய் எழுதலாமா என்று
ஒரு டீ ஆறும் நேரம் யோசித்தேன்.
நலம். மூன்றே எழுத்து.
மேற்குக் கிளைக்கு நேர் கீழே
மொட்டையடித்த ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எழுதினேன்:
ஒரு பக்கம் பொந்து. மரம் நிற்கும்.
மேற்குக் கிளையை மட்டும், கழுத்தோரமாக, பட்டை கிழியாமல்,
ஆடிக் காற்றுக்கு முன் எடுக்கவும்.
சிமென்டை நாலடிக்கு நாலடி உடைக்கவும்.
கால்வாய் தெற்கே வளையலாம். இடம் இருக்கிறது, அளந்தேன்.
கட்டம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது.
பயன் என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.
இருந்தால் முப்பத்தெட்டு பேர் என்று போட்டிருப்பேன்,
மதியம் ஒன்றரைக்கு எண்ணியது.

மூன்று வாரம் ஏ.இ. பேசவில்லை.
பிறகு மின்வாரியத்துக் கஜபதி ஏணியோடு வந்தான்.
கயிறு கட்டி, கிளையைக் குழந்தை மாதிரி இறக்கினான்.
சிமென்டும் உடைந்தது, நாலடிக்கு மூன்றடி.
கால்வாய் இன்னும் வரவில்லை. வளையுமா, தெரியாது.

இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறோம், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில்.
ஆனாலும் ஆறு மணிக்கு அந்த வழியாகத்தான் பஸ் பிடிக்கிறேன்.
இலைகள் மூடுகிற நேரம்.
உடைத்த மண்ணில் ஆவி பறக்கிறது:
டீக்கடை முனிரத்தினம்
பாய்லர் வெந்நீரை அங்கேதான் கொட்டுகிறார்.

"மண்ணு தெரிஞ்சா கை தானா போகுதும்மா" என்கிறார்.
நேற்றும் அதையேதான் சொன்னார்.
ஒரு வாளி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்,
தஸ்தகீரின் ஆணிக் காசில்.